வெண்ணந்தூர் என்றொரு ஃபோல்டர்

பிரியா, கௌசல்யா, உங்கள் இருவருக்கும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார். கடவுச்சொற்கள், எந்த வண்டிக்கு எப்போது எஃப்.சி., எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, இரண்டு பக்கம் போதும் என்றார். அதை நேற்றே முடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். நான்கு முறை சரிபார்த்தேன். ஐந்தாவது முறையும் எடுத்துப் பார்க்கத்தான் போகிறேன். இந்தக் குறிப்பு அதில் சேராதது.

முப்பத்தொரு வயதில் பணி அனுபவம் எழுதுவது கூச்சமாக இருக்கிறது. ஆறு வருடம்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கணவருக்குச் சேலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அஸ்தம்பட்டியில் வீடு பார்த்தாகிவிட்டது, பாப்பாவுக்கு அங்கேயே பள்ளிக்கூடமும். அதனால் போகிறேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் வண்டியில் ஏறிய பிறகும் மனசு திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய கம்ப்யூட்டரைக் கடந்து போனாலும் திரையை எட்டிப் பார்ப்பேன். வேவு பார்ப்பதற்கு இல்லை. ஒவ்வொருவரும் எதை எங்கே வைக்கிறார்கள், ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. முதலாளியின் திரையில் முருகன் படம். கோப்புகள் அத்தனையும் திரையிலேயே கிடக்கும், ஆனால் முருகன் முகத்தின் மேல் ஒன்றுகூட இருக்காது. இடம் போதாமல் போனபோது வேல் வரை வந்தார், முகத்தைத் தொடவில்லை. கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் 'நியூ ஃபோல்டர்', அதற்குள் 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொன்று. எதில் என்ன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது அலுவலகமே படுத்துவிட்டது.

நான் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் ஆட்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே கோப்பு வைத்தேன். நீங்களும் இந்த இரண்டு வாரத்தில் கவனித்திருப்பீர்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியில் போகிறவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்வது மரியாதை இல்லை. பெயர் சொன்னாலும் பயன் இல்லை, நம்மிடம் மட்டும் ஏழு செல்வராஜ் இருக்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயர்தான். வாழப்பாடியார், மல்லசமுத்திரத்தார், வெண்ணந்தூரார். நானும் ஊருக்கு ஒரு ஃபோல்டர் திறந்தேன். யார் போன் செய்து எந்த ஊர் சொன்னாலும் அரை நிமிடத்தில் காகிதம் போய்விடும். முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க ஆபீஸ் புள்ளைய பாருங்க" என்று சொல்லிக் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஃபோல்டர்களுக்குள் ஆதாரும் லைசென்ஸும் மட்டும் இருக்கவில்லை. வண்டி ஒருமுறை வடக்கே போனால் எட்டு மாதம் ஒன்பது மாதம் திரும்பாது. மண்ணும் சேறும் தண்ணீரும் பட்டு போன் கெட்டுப்போகும். அதனால் அவர்கள் தங்களுக்கு முக்கியம் என்று படுவதையெல்லாம் அலுவலக எண்ணுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்ணின் சாதிச் சான்றிதழ், நிலத்துப் பட்டா, குலதெய்வக் கோயில் ரசீது, மகன் சைக்கிள் ஓட்டும் படம். "பத்திரமா வெச்சிருங்க சாமி" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. பிறகு, நாற்பது வீட்டு அலமாரிச் சாவிகள் என் கையில் இருக்கிற மாதிரி ஒரு பயம். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிடுவேன். இடம் அடைக்காமல் இருக்க அதுதான் ஒழுங்கு என்று நம்பினேன்.

என் சொந்தக் கோப்புகளும் இதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், நூற்றுக்கணக்கான படங்கள். அலுவலக இடத்தில் சொந்தப் பொருளை வைப்பது தவறு என்று உறுத்திக்கொண்டேதான் வைத்தேன்.

போன வருடம், தை பிறந்து சில நாட்களே ஆன ஒரு பிற்பகல். மூன்றேகால் மணி இருக்கும். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கணக்குப் பிள்ளை வங்கிக்குப் போயிருந்தார். நாலு மணிக்குப் பாப்பாவை விளையாட்டுப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தீஸ்கரில் இருந்த வண்டியிலிருந்து போன். பேசியவர் சப்போர்ட் லாரி ஓட்டும் வாழப்பாடி அண்ணன்.

"யம்மா, கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருக்கியா?"

"இருக்கேன்ணா, சொல்லுங்க."

"நம்ம வெண்ணந்தூராரு கால் மேல ராடு சரிஞ்சிருச்சும்மா. முழங்காலுக்குக் கீழ நல்ல அடி. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம், உடனே ஆப்பரேசன் பண்ணணுமாம். ஆளு மயக்கமா கெடக்காரு. அவரு போனும் நொறுங்கிப் போச்சு. பேப்பரெல்லாம் போட்டு உடு. வீட்ல ஒரு வார்த்தை சொல்லிரு."

வெண்ணந்தூர் ஃபோல்டரைத் திறந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆதார் அட்டையையும் இன்சூரன்ஸ் அட்டையையும் அனுப்பினேன். அதே ஃபோல்டரில் மனைவி கோகிலா என்று ஒரு எண் இருந்தது. கூப்பிட்டேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. "ஏனுங்க, கேக்குல, சத்தமா சொல்லுங்க" என்றாள். நான் சத்தமாகவே சொன்னேன். உங்கள் வீட்டுக்காரருக்குக் காலில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்யப்போகிறார்கள். எதிர்முனையில் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. "நான் வாரனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் வாழப்பாடி அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார்.

"யம்மா, யாரு பேப்பரம்மா போட்டிருக்க? டாக்டரு திட்டுறாரு. இருவத்தேழு வயசுன்னு இருக்காம். இவருக்கு அம்பது ஆவப்போவுதே. நான் சொன்னது பெரிய வெண்ணந்தூராரு. செல்வராஜண்ணன்."

இரண்டு வெண்ணந்தூரார்கள். வண்டிகளில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். என் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அந்த ஃபோல்டரில் இருந்தது சின்னவர் மோகனின் காகிதங்கள். அவர் வேறொரு ரிக்கில், வேறொரு மாநிலத்தில், நன்றாக இருந்தார்.

பயத்தைவிட முதலில் எனக்கு நினைவு வந்தது ஒரு குரல். "சாமி, இத பத்திரமா வெய்யுங்க. ஒரு ஊசி போட்டு எனக்குத் தொண்டையெல்லாம் வீங்கிப்போச்சு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தச் சீட்டக் காட்டோணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு." செல்வராஜ் அண்ணன் அனுப்பிய சீட்டு அது. சிவப்பு மையில் ஒரு மருந்தின் பெயரும், கீழே இரண்டு கோடும் போட்டிருந்தது. அந்தக் கோடுகள் நன்றாக ஞாபகம் இருந்தன. மருந்தின் பெயர் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முழுதாகத் தெரியாமல் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அதற்குள் ஒரு முறை தவறான காகிதம் வேறு அனுப்பியாகிவிட்டது. சீட்டு கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

"அண்ணா, ஒரு மருந்து அவருக்கு ஆகாது. ஊசியாப் போட்டுத்தான் தொண்டை வீங்கியிருக்கு. பேரு தெரியல, தேடிட்டிருக்கேன். அத டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க."

"பேரு தெரியாம என்னத்தம்மா சொல்லுவேன், இந்தியில வேற?"

"ஏதோ ஒண்ணு ஆகாதுன்னாச்சும் சொல்லுங்கண்ணா!"

சொன்னார். டாக்டர் கால் மணி நேரம் தருவதாகச் சொன்னாராம். அதற்குமேல் ரத்தம் போனால் ஆள் தாங்காது.

தேடினேன். செல்வராஜ் என்று அடித்தால் மற்ற ஆறு செல்வராஜும் வந்து நின்றார்கள், இவர் மட்டும் வரவில்லை. போனில் வந்த படங்களுக்கு எண்கள்தான் பெயர். எண்ணைத் தேடி என்ன செய்வது? வாட்ஸ்அப்பைத் திறந்தால் சுத்தமாக இருந்தது. நான் துடைத்த சுத்தம். கை தானாக ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி. அப்படியே விட்டிருந்தால் அன்று மாலைவரை திறந்து மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் எங்கே இருக்கும் என்று தேடாமல், இதை வைத்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன்.

"அண்ணா, செல்வராஜண்ணன் எப்ப வேலைக்கு வந்தாரு?"

"ஆயுத பூசை முடிஞ்சு வண்டி கெளம்பிச்சுல்ல, அன்னிக்குத்தான் ஏறுனாரு."

ஆயுத பூஜைக்கு மறுநாள். விஜயதசமி, சனிக்கிழமை வேறு; வண்டி ஏறுகிற அன்றே எல்லோரும் காகிதங்களை அனுப்பிவிடுவார்கள். கீபோர்டில் வைத்த சந்தனம் காய்ந்து விரலில் உதிர்ந்துகொண்டிருந்த காலை. அன்றுதான் பாப்பாவை விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தோம். காலையில் அங்கே போய் அரிசியில் 'அ' எழுத வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு அலுவலகம் வந்து, அவளுடைய தடுப்பூசி அட்டையை ஸ்கேன் செய்து பள்ளிக்கு அனுப்பினேன். அதை முடித்த கையோடு அன்று வந்த படங்களை இறக்கினேன். கடைசியாக எந்த ஃபோல்டரில் வேலை செய்தோமோ, அதற்குள்ளேயே அடுத்ததையும் கம்ப்யூட்டர் போடும். பார்த்து மாற்றுவது நம் பொறுப்பு. நான் பார்க்கவில்லை.

'பாப்பா'வைத் திறந்தேன். அரிசித் தட்டில் அவள் விரல். அவள் அழுகிற படம். அவள் அப்பா அவளைத் தூக்கி வைத்திருக்கிற படம். அடுத்து, சிவப்பு மையில் இரண்டு கோடு.

அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து வாழப்பாடி அண்ணன் சொன்னார்: "டாக்டரு பாத்தாரும்மா. மொத எழுதுன சீட்ட கிழிச்சிட்டு வேற எழுதிக் குடுத்தாரு. உள்ள கொண்டு போறாங்க." முதல் சீட்டில் அந்த மருந்துதான் இருந்ததா, இல்லை வேறு காரணத்துக்காகக் கிழித்தாரா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இதுவரை தெரியாது. சில நாள் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். சில நாள் வேண்டாம் என்று இருக்கும்.

அப்போது என் சொந்த போன் அடித்தது. விளையாட்டுப் பள்ளி எண். மணி நாலரை. எடுத்ததும் அந்தப் பள்ளி அம்மா சொன்ன முதல் வார்த்தை: "பாப்பா நல்லா இருக்கா, வெளையாடிட்டிருக்கா. நீங்க வர நேரமாயிருச்சேன்னுதான் கூப்புட்டேன்."

"பாப்பா நல்லா இருக்கா" என்ற வார்த்தை உள்ளே இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த அதே நொடியில் கோகிலா ஞாபகம் வந்தாள்.

ஒரு மணி நேரம். காகிதத்தைத் தேடிய அவசரத்தில், தவறான வீட்டில் நான் வைத்த நெருப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தாள். பஸ் சத்தம்.

"மல்லசமுத்திரம் தாண்டிட்டனுங்க, உங்க ஆபீசுக்குத்தான் வாரேன். அவர பாக்க எந்த ரயிலுக்குப் போவோணும், நீங்க எழுதிக் குடுங்க. எனக்கு இந்தி தெரியாது."

"கோகிலா, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லீங்க. அடிபட்டது வேற ஆளு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வேற ஆளுன்னா, யாருங்க?"

"செல்வராஜண்ணன்."

"எங்க தெருவுக்கு அடுத்த தெருவு அவிங்க. அந்தக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"போன்ல சொல்லீராதீங்க. அவிங்களுக்கு ரத்தக் கொதிப்பு. எங்க மாமியாரப் போகச் சொல்றேன், பக்கத்துல ஆளு உக்காந்த பொறவு பேசுங்க."

என் தவறால் துடித்தவள்தான் அடுத்த தவறிலிருந்து என்னைக் காப்பாற்றினாள். அதுவரை எடுக்காத முதலாளியும் அப்போதுதான் பந்தியிலிருந்து எழுந்து போனை எடுத்தார். கோகிலாவின் மாமியார் போய் உட்கார்ந்த பிறகு அவரே அந்த அக்காவிடம் பேசினார்.

கோகிலா திரும்பிப் போகவில்லை. நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் வந்தபோது படியில் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு பையன், தலைமுடியில் நூல் பிசிறு.

"வந்தது வந்துட்டேன். அத காட்டுங்க" என்றாள்.

"எதைங்க?"

"எங்கூட்டுக்காரர எப்படி எழுதி வெச்சிருக்கீங்கன்னு."

நாற்காலி போட்டேன். பையனும் பாப்பாவும் சுழல் நாற்காலிக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். திரையில் ஊர்ப் பெயர்களைக் காட்டினேன்.

"இதுல அவரு எங்கிங்க இருக்காரு?"

"வெண்ணந்தூர்ல."

"வெண்ணந்தூர்ல எத்தன பேரு இருக்கோம்னு நெனச்சீங்க? அவரு ஒருத்தர்தானா?"

அவளே தொடர்ந்தாள். "பஸ்ஸுல வரப்ப நான் என்னென்ன நெனச்சேன்னு உங்க கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுங்க."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். ஆதாரில் அப்பா பெயர் சரி. பையன் பிறந்த தேதி ஒரு நாள் தள்ளி இருந்தது, திருத்தினோம். கொடுத்திருந்த இரண்டாவது எண் எப்போதோ தொலைந்துபோன போனுடையது. கடைசியில் ஒரு படம் வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள்.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"அவருதான் அனுப்புனாரு. பெருசா பிரிண்ட் போட்டு வண்டியில குடுத்துடச் சொன்னாரு. கேபின்ல ஒட்டி வெச்சிருக்காராம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நல்ல சீலையாவது கட்டியிருப்பேன்."

அன்றிலிருந்து ஃபோல்டர்களின் பெயரை மாற்றினேன். ஊர் அப்படியேதான் முதலில் நிற்கிறது, ஏனென்றால் அவசரத்தில் போன் செய்கிறவர் வாயில் ஊர்தான் வரும். அதன் பின்னால் ஆளின் பெயர், அப்பா பெயர், வீட்டில் யார். உடம்புக்கு ஆகாதது ஏதாவது இருந்தால் அதுதான் உள்ளே முதல் காகிதம். இதெல்லாம் டிராயரில் இருக்கிற இரண்டு பக்கத்தில் இருக்கிறது. அதில் எழுதாதது இது: பண்டிகைக்கோ வேறு எதற்கோ அவர்கள் வீட்டிலிருந்து யார் அலுவலகம் வந்தாலும், உட்கார வைத்து அவர்களுடைய ஃபோல்டரைத் திறந்து காட்டுங்கள். நாம் பத்து முறை சரிபார்த்தும் கண்ணில் படாத பிழை அவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிகிறது.

செல்வராஜ் அண்ணன் இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், பட்டறையில் வேலை பார்க்கிறார். தினமும் நீங்கள் பார்க்கிறவர்தான்.

என் மகளின் படங்களை நேற்று பென் டிரைவில் மாற்றினேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், வேறு யாருடைய சீட்டாவது நடுவில் கிடக்குமோ என்று. இல்லை. அந்த ஃபோல்டரை முதலிலேயே இங்கே வைக்காமல் இருந்திருந்தால் சீட்டு தொலைந்திருக்காது. ஆனால் பாப்பாவின் அரிசித் தட்டு இல்லாமல் அந்த நாளை நான் கண்டுபிடித்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான். எது சரி என்று இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்று காலை கோகிலாவைக் கூப்பிட்டேன். மணி ஒருமுறைதான் அடித்தது. எடுத்தாள். பின்னால் தறிச் சத்தம் சட்டென்று நின்றது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க, கோகிலா. உங்க வீட்டுக்காரரும் நல்லா இருக்காரு. நான் வேலைய விட்டு நிக்கறேன், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நிக்கறீங்களா? அப்ப இனி இந்த நெம்பர்ல யாருங்க பேசுவாங்க?"

"ரெண்டு புள்ளைங்க வந்திருக்காங்க. கெட்டிக்காரப் புள்ளைங்க."

"அவிங்களுக்கும் அத சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

"எதைங்க? ஃபோல்டரா?"

"அது கெடக்குதுங்க. இப்ப எடுத்ததும் மொதல்ல ஒண்ணு சொன்னீங்கல்ல, அது."